கடைசி சீட்டா, முதல் சீட்டா?

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போய் கொலம்பஸ் ஏறினவர்களுக்கு ஒரு கேள்வி. கப்பல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுமே, அதில் நடுவில் உட்கார்ந்தீர்களா, ஓரத்தில் உட்கார்ந்தீர்களா? நடுவில் என்றால் நீங்கள் ஏறவே இல்லை என்றுதான் நான் சொல்வேன். ஓரத்தில்தான் வயிறு ஜிவ்வுன்னு மேலே வரும்.

இதுக்காக எனக்கும் எங்க பெரியப்பா மகன் அண்ணனுக்கும் சண்டை. அவன் பத்தாவது படிக்கிறான். "எது ரொம்ப உயரமோ அதுதான் கெத்து. ராட்சத ராட்டினத்துக்கு முன்னாடி உன் கொலம்பஸ் என்ன?" என்றான். சண்டை முற்றி, மாமா போனில் ரோலர் கோஸ்டர் வீடியோ பார்க்கும் வரை போனது. அப்போதுதான் மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர் இருப்பதே தெரிந்தது. அமெரிக்காவில் அதற்கென்றே ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களும் எங்களை மாதிரி இதே சண்டைதான் போடுகிறார்கள்!

மரம் என்றால் முழுக்க மரம் இல்லை. நம்ம ஊர் மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் மரம், அதைச் சுற்றி இரும்புப் பட்டா. அதே மாதிரி பலகைகளை அடுக்கடுக்காக வைத்து இறுக்கி, மேலே தட்டையான இரும்புப் பட்டை போட்டதுதான் அந்தத் தண்டவாளம். வண்டி ஓடும்போது மரச் சட்டம் லேசாக ஆடும். ஆட வேண்டும் என்றேதான் அப்படிக் கட்டுகிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கும், ஊதும். அதனால் ஆட்கள் தண்டவாளத்தோடு நடந்து போய் ஆணி, பலகை எல்லாம் பார்ப்பார்கள்.

இது பிறந்த கதையும் மலைக் கதைதான். நம்ம குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷனில் இருந்து அந்தக் காலத்தில் ரோப்வேயில் தேயிலை கோட்டகுடிக்கு இறங்கியது அல்லவா? அதுபோல அமெரிக்காவில் பென்சில்வேனியா மலையில் 1827 முதல் நிலக்கரி வண்டிகள் தண்டவாளத்தில் தானாகவே சரிந்து இறங்கின. அதில் ஏறிப் பார்க்க ஜனங்கள் காசு கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு 1884-ல் தாம்சன் என்பவர் நியூயார்க் கோனி தீவில் விளையாட்டுக்கென்றே ஒன்று கட்டினார். அங்கே 1927-ல் கட்டிய சைக்ளோன் என்ற மரக் கோஸ்டர் இன்றும் இருக்கிறது.

இப்போ சண்டைக்கு வருவோம். அண்ணன் கட்சிக்கு ஒரு உதாரணம்: 2000-ல் ஒஹையோ மாநிலத்தில் 'சன் ஆஃப் பீஸ்ட்' என்று ஒன்று கட்டினார்கள். 218 அடி உயரம். உலகத்திலேயே உயரமான மரக் கோஸ்டர் அதுதான். ஆனால் ஏறினவர்களுக்குக் குலுக்கல்தான் மிச்சம். 2006-ல் விபத்து நடந்து 27 பேர் காயம் பட்டார்கள். 2009-ல் மூடி, 2012-ல் இடித்தே விட்டார்கள்.

என் கட்சிக்கு: பென்சில்வேனியாவில் 'ஃபீனிக்ஸ்'. வெறும் 78 அடி. 1947-ல் டெக்சாஸில் கட்டியதைக் கழற்றிக் கொண்டுவந்து 1985-ல் திரும்ப மாட்டினார்கள். பழைய சாமான்தான்! ஆனால் 2018-ல் கோல்டன் டிக்கெட் விருது வாக்கெடுப்பில் மரக் கோஸ்டர்களில் முதலிடம் இதற்குத்தான். காரணம், மேடு மேடாக வந்து ஒவ்வொரு மேட்டிலும் ஆளை சீட்டில் இருந்து தூக்குமாம். (இதைப் படித்துக் காட்டியதும் அண்ணன் சாப்பிடப் போய்விட்டான்.)

ஏன் தூக்குகிறது? நிலைமம் பாடம்தான். மேட்டில் ஏறும் உடம்பு அதே திசையில் போகப் பார்க்கும். வண்டியோ கீழே திரும்பிவிடும். சீட்டு நம்மை விட்டு இறங்குகிறது, நமக்கு நாம் பறப்பது போல இருக்கிறது. வேகமாக மேட்டைத் தாண்டினால் தூக்கல் அதிகம். முதல் பெட்டி உச்சியை மெதுவாகத் தாண்டும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்பெட்டிகள் எல்லாம் கீழே விழுந்துகொண்டே அதை இழுக்கும். அதனால் பெரிய இறக்கத்தில் கடைசி சீட்டுக்குத்தான் தூக்கல் ஜாஸ்தி.

கணக்கும் போட்டேன். ஃபீனிக்ஸின் இறக்கம் 72 அடி, அதாவது சுமார் 22 மீட்டர். நிலையாற்றல் முழுக்க இயக்க ஆற்றலாக மாறினால் வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர் வருகிறது. உண்மையான வேகம் சுமார் 72. மீதி உராய்வில் போயிருக்கும். நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. அதனால் இந்தக் கணக்கில் குண்டானவர், ஒல்லியானவர் எல்லாருக்கும் ஒரே வேகம்தான்!

அப்படித் தூக்கினால் வெளியே விழ மாட்டார்களா? ஜான் மில்லர் என்பவர் இதற்கே யோசித்தார். வண்டி மேட்டில் ஏறும்போது டக் டக் டக் என்று சத்தம் கேட்கும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் பல்லில் மாட்டிக்கொள்ளும் கொக்கியின் சத்தம் அது. தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைத்து 1919-ல் காப்புரிமை வாங்கினார். அதனால் பெட்டி மேலே எழும்பாது. ஆளுக்கு மடிமேல் கம்பி.

இதை எல்லாம் ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர். விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் சுற்றி போடிமெட்டுக்கு மேலே போக வேண்டும். "கடைசி சீட்டுல தூக்குறதுக்கா காசு குடுக்குறாங்க? நான் தெனமும் அதுலதான்டி போறேன்" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: பின்னால் உட்கார்ந்தால் பள்ளத்தில் தலை மேல்கம்பியில் இடிக்குமாம். அதனால் நடு இடத்துக்குப் போட்டியாம். ஒரு நாள் எண்ணியதில் 16 பேர் இருந்தார்களாம். திறந்திருக்கும் பின்பக்கம் சின்னப் பிள்ளைகளை விடாமல் அத்தைமார் முந்தானையால் பிடித்துக்கொள்வார்களாம்.

நான் கொலம்பஸில் ஓர சீட்டுக்குச் சண்டை போட்டேன். அம்மா நடு சீட்டுக்குச் சண்டை போடுகிறார். இரண்டுக்கும் ஒரே நிலைமம்.

அம்மா கடைசியாகக் கேட்டது, "அந்த மடிக் கம்பி என்ன விலை இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் ஜீப்பில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இருந்தால், எந்த சீட்டு, எத்தனை பேர் என்று கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கொடுங்கள். அடுத்த மாதத் தாளில் பட்டியல் போடுகிறேன்.