காணொளியும் கூலியும்

காரியவட்டத்து மரநிழலிலும் பாளையத்துக் கல்லூரி முற்றத்திலும் தமிழ் மாணவர் இருவர் கூடினால் இப்பொழுது அடிக்கடி காதில் விழும் வினா ஒன்றுண்டு: “என்னப்பா, உன் சேனல் மானிட்டைஸ் ஆச்சா?” கேட்பவர் ஆவலோடு கேட்கிறார், கேட்கப்பட்டவர் பெரும்பாலும் பேச்சை மாற்றுகிறார். நம் விடுதித் தோழர் ஒருவர் தவணைக்குக் கேமரா வாங்கி, சாலைக் கடைத்தெருவின் கதையையும் கோட்டையகத்துத் தெருக்களின் கதையையும் தமிழில் விளக்கும் காணொளிகளை வெளியிடத் தொடங்கினார். தவணை மாதந்தோறும் தவறாமல் வந்தது, வருவாய்தான் வரவில்லை. அவர் பொருட்டுத் தேடிக் கற்றவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

படம் பிடித்துப் பொருளிழந்தவர் இந்நகருக்குப் புதியவர் அல்லர். அகத்தீசுவரத்து ஜே. சி. டேனியல் தம் நிலத்தை விற்றுப் பட்டத்தில் ஒரு படப்பிடிப்பு நிலையம் அமைத்து, ‘விகதகுமாரன்’ என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். மலையாள நாட்டின் முதற்படம் அஃதே. எழுதியவரும் இயக்கியவரும் நாயகனாக நடித்தவரும் அவரே. நகரின் காப்பிட்டல் அரங்கில் அது திரையிடப்பட்டபோது (ஆண்டு 1928 என்பாரும் உளர், 1930 என்பாரும் உளர்), ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணான பி. கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறாதவர் கலகம் விளைத்தனர். கைப்பொருள் இழந்த டேனியல் பல் மருத்துவம் செய்து வாழ்ந்து, 1975-இல் மறைந்தார். இன்று அவர் பெயரால் கேரள அரசு ஆண்டுதோறும் திரைப்பட விருது வழங்குகிறது என்பது வேறு செய்தி.

டேனியலுக்கு வாயில் தொடக்கத்திலேயே நின்றது. நிலத்தை விற்றாலன்றி அவரால் உள்ளே புக இயலவில்லை. இன்றோ கைப்பேசி உடையார் எவரும் படம் எடுக்கலாம். வெளியிடக் காசு வேண்டா. அதனால் வாயிலே இல்லை என்று நாம் மயங்குகிறோம். வாயில் இருக்கிறது, கூலி கொடுக்குமிடத்திற்கு இடம்பெயர்ந்துவிட்டது, அவ்வளவே.

இடம்பெயர்ந்த வரலாறு சுருக்கமானது. யூடியூப் 2005-இல் தோன்றியது. 2006-இல் கூகிள் அதனை விலைக்கு வாங்கியது. விளம்பர வருவாயில் படம் எடுப்போருக்கும் பங்கு தரும் திட்டம் 2007-இல் பிறந்தது. 2017-ஆம் ஆண்டில், தீவிரவாதப் படங்களோடு தம் விளம்பரம் ஓடுவதைக் கண்ட பெரு நிறுவனங்கள் விளம்பரத்தை நிறுத்தின. அவ்வாண்டு ஏப்ரலில், 10,000 பார்வை பெற்ற சேனலுக்கே பங்கு என்னும் விதி வந்தது. 2018 பிப்ரவரியில் வரம்பு இன்னும் உயர்ந்தது: 1,000 சந்தாதாரர் வேண்டும், கடந்த 12 மாதங்களுள் 4,000 மணி நேரம் பிறர் பார்த்திருக்க வேண்டும். (சந்தா கொடாத சந்தாதாரர் என்பது இக்காலத்துச் சொல்லாட்சி விந்தைகளுள் ஒன்று.) இவ்விதியால் நீக்கப்படுவோரில் நூற்றுக்கு 99 பேர் முந்தைய ஆண்டில் 100 டாலருக்குக் குறைவாகவே ஈட்டினர் என்று நிறுவனமே அறிவித்தது. அவர்கள் இழப்பது சிறிது என்று காட்டவே அதைச் சொன்னார்கள். எனக்கோ அச்செய்தி, அதற்கு முன்பும் அவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவு சிறிது என்பதையே காட்டுகிறது.

இனி 4,000 மணியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அது 2,40,000 நிமிடம். நம் தோழரின் காணொளி ஒன்று 8 நிமிடம் ஓடும். பார்ப்பவர் சராசரியாக 3 நிமிடம் இருப்பர் எனக் கொள்வோம். அங்ஙனமாயின் 80,000 பார்வை வேண்டும். அவர் காணொளியைப் பார்ப்போர் ஏறத்தாழ 400 பேர். வாரம் இரண்டு வீதம் ஓராண்டில் 104 காணொளி வெளியிட்டாலும் கிடைப்பது 2,080 மணிதான். அடுத்த ஆண்டும் உழைத்தால் 4,000 நிறையும் என்று கருதுவது பிழை. கணக்கில் சேர்வது கடைசி 12 மாதம் மட்டுமே ஆதலால், புதிய மணிகள் சேரச் சேரப் பழைய மணிகள் உதிர்ந்துகொண்டே வரும். ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது போன்றது இது. குடம் நிறைய வேண்டுமானால் அவர் உழைக்கும் ஆண்டுகள் கூடினால் மட்டும் போதாது. பார்ப்போர் இரட்டிக்க வேண்டும். திருவனந்தபுரத்துத் தெரு ஒன்றின் வரலாற்றைத் தமிழில் கேட்க விரும்புவோர் எத்தனை பேர்?

குறும்படங்களாகிய ஷார்ட்ஸ் வழியே செல்வோர்க்கு 90 நாளில் 1 கோடி பார்வை வேண்டும் என்பது 2023-இல் வந்த விதி.

வாயில் கடந்தவர் நிலையையும் பார்ப்போம். நீள் காணொளிக்கு விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 பங்கு படம் எடுத்தவருக்கு, ஷார்ட்ஸுக்கு 45. விளம்பர விலை ஏல முறையில் அமைவது. பார்ப்பவர் வாழும் நாடு, பொருள், பருவம் ஆகியவற்றிற்கேற்ப ஏறி இறங்கும். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய அஞ்சலில் ஓர் எண் வரும். 100 டாலர் சேர்ந்தாலன்றிப் பணம் வாராது. 2021 ஜூன் முதல், அமெரிக்காவில் வாழ்வோர் பார்த்ததால் வந்த வருவாயில் அந்நாட்டு வரியும் பிடிக்கப்படுகிறது. உரிய படிவம் தரும் இந்தியருக்கு அப்பங்கில் நூற்றுக்கு 15. தராதவருக்கோ மொத்த வருவாயிலேயே 24 வரை போகக்கூடும்.

பாட்டாலும் இழப்பு வரும். ஆற்றுக்கால் பொங்கலையைப் படம் எடுக்கச் செல்பவர் ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டை எப்படித் தவிர்ப்பார்? அதனை இயந்திரம் கண்டுகொண்டால், அக்காணொளியின் வருவாயை உரிமையாளர் கோரலாம்.

வென்றவர் இல்லாமல் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூரில் ஒரு முதியவரும் அவர் பேரர்களும் நடத்தும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் 1 கோடி சந்தாதாரரைப் பெற்றது. தமிழ்ச் சேனல்களில் அதுவே முதலாவது. அவ்வாண்டே முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அவர்கள் 10 லட்சம் ரூபாய் அளித்தனர். அவர்கள் உழைப்பை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் கொதிக்கும் குழம்பைக் காண மொழி வேண்டா. தெருவின் வரலாற்றைக் கேட்க மொழி வேண்டும்.

அதியமான் தம்மை நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனாரை வகுப்பில் படித்திருக்கிறோம். இன்று விண்ணப்பம் மறுக்கப்பட்டவர் 21 நாளுக்குள் முறையிடலாம். ஆனால் தம்மைக் கண்டவர் யார், எந்தக் காணொளி குறையுடையது என்று அறியாமல் திகைப்போர் பலர். இக்குறையை முன்வைத்தே ஜெர்மனியில் இயோர்க் ஸ்பிராவே என்னும் படைப்பாளர் 2018-இல் யூடியூபர் சங்கம் கண்டார். அடுத்த ஆண்டு, உலோகத் தொழிலாளரின் பெருஞ்சங்கமாகிய ஐஜி மெட்டால் அதனோடு கைகோத்து ‘ஃபேர்டியூப்’ இயக்கத்தைத் தொடங்கியது. முடிவுக்குக் காரணம் கூறுக, பேசுவதற்கு ஒரு மனிதரைக் காட்டுக என்பன அவர்தம் கோரிக்கைகளுள் சில. ஆலைத் தொழிலாளரின் சங்கம் படைப்பாளரையும் தொழிலாளர் என்று ஏற்றது கருதத்தக்கது.

ஒன்று கூற மறந்தேன். பங்குத் திட்டத்தில் சேராத சேனல்களின் காணொளிகளிலும் விளம்பரம் ஓட்டலாம், அதில் படம் எடுத்தவருக்குப் பங்கில்லை என்னும் விதியை யூடியூப் 2020 நவம்பரில் அமெரிக்காவிலும், 2021-இல் பிற நாடுகளிலும் கொண்டுவந்தது.

நம் தோழர் கேமராவை விற்கவில்லை. தவணை கட்டுவதற்காக ஞாயிறுதோறும் கல்யாண வீடுகளில் படம் பிடிக்கச் செல்கிறார். சென்ற வாரம் சாலைக் கடைத்தெருக் காணொளியைத் திறந்தேன். பார்த்தோர் 412 என்றிருந்தது. அவர் குரல் தொடங்குமுன் ஒரு நகைக்கடை விளம்பரம் ஓடிற்று.