குறைந்த விலை பேஸ் கிட்டார்: கொள்முதல், விற்பனை, மேம்பாடு

இசைக்கருவி வியாபாரத்தில் உள்ள நம் உறுப்பினர்கள் பலருக்குச் சாதாரண கிட்டாரும் கீபோர்டும் நல்ல பழக்கம். பேஸ் கிட்டார் என்று வரும்போது மட்டும், பெட்டியில் வந்ததைப் பெட்டியோடு விற்றுவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மெல்லிசைக் குழுவினர், தேவாலயப் பாடகர் குழுவினர், கல்லூரி மாணவர்கள் ஆகியோரே இதைத் தேடி வருகிறவர்கள். அவர்களில் பலர் முதன்முறையாக வாங்குகிறவர்கள். கொண்டு வருவது சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஆகவே இந்தச் சரக்கை எப்படி வாங்குவது, எப்படி விற்பது, பிறகு எதுவரை மேம்படுத்தலாம் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் எங்கள் கடையில் நடந்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் இருப்பதிலேயே விலை குறைந்த பேஸ் ஒன்றை வாங்கிப் போனார். மூன்றே வாரத்தில் திரும்பி வந்தார். விரல் நுனியெல்லாம் கொப்புளம். "எனக்கு இது வராது போலிருக்கிறது அண்ணாச்சி. பாதி விலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எங்களிடம் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார். தந்திகள் பலகையிலிருந்து வெகு உயரத்தில் நின்றன. அரை மணி நேரம் திருகாணிகளைச் சரிசெய்து கையில் கொடுத்தார். வாசித்துப் பார்த்த இளைஞர், "இது அதே கிட்டார்தானா?" என்று கேட்டார். குறை கருவியில் இருக்க, தம் விரல்களையே அவர் மூன்று வாரமாக நொந்துகொண்டிருந்திருக்கிறார். விற்பதற்கு முன்பே நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

சரக்கை அறிவோம்

பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கு தந்திகள். தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி கூட்டுவார்கள். சாதாரண கிட்டாரின் கீழ்ச்சுருதித் தந்திகள் நான்கையும்விட இவை ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி கிடைத்தது. 1960இல் அதே நிறுவனம் 'ஜாஸ் பேஸ்' மாதிரியை வெளியிட்டது. இன்று நம் கடைக்கு வரும் பெரும்பாலான பேஸ்கள் இவ்விரண்டையும் ஒட்டியே செய்யப்படுகின்றன.

வாடிக்கையாளர் வித்தியாசம் கேட்டால் இப்படிச் சொல்லலாம். பிரிசிஷனில் இரண்டு துண்டாகப் பிரிந்த ஒரே பிக்கப். கழுத்து நட் பகுதியில் சுமார் 41 மில்லிமீட்டர் அகலம். ஒலி கனமாக இருக்கும். ஜாஸ் மாதிரியில் இரண்டு பிக்கப்கள். கழுத்து சுமார் 38 மில்லிமீட்டர்தான். சிறிய கை உள்ளவர்களுக்கு இது எளிது. இரண்டிலும் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். சிறுவர்களுக்கு 30 அங்குலக் குட்டை மாதிரியைக் காட்டலாம்.

ஃபெண்டர் நிறுவனமே 1982இல் ஸ்குவையர் என்ற பெயரில் விலை குறைந்த வரிசையை ஜப்பானில் தொடங்கியது. யமஹா, இபானெஸ் போன்றவர்களிடமும் தொடக்கநிலைக் கருவிகள் உண்டு. விலை குறைந்த கருவியிலும் அடிப்படை அளவுகள் பெரும்பாலும் அவையேதான். மரத்தையும் உதிரிப் பாகங்களையும் தவிர, கடைசிக் கைவேலையிலும் விலை குறைக்கப்பட்டிருக்கும். அந்தக் கைவேலையை நம் கடையிலேயே செய்து ஈடுகட்ட முடியும். நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

கொள்முதலின்போது

பெட்டியைப் பிரித்ததும் கழுத்தை நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். லேசான வளைவு சரிசெய்யக் கூடியது. முறுக்கிக்கொண்டிருந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். உள்ளிருக்கும் டிரஸ் ராட் கம்பியால் முறுக்கலை நிமிர்த்த முடியாது. கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். மரம் காய்ந்து சுருங்கியிருந்தால் ஃபிரெட் முனைகள் கையைக் கிழிக்கும். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒலித்துப் பாருங்கள். குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள்.

காட்சிக்கு வைக்கும்போது வெயில் படும் கண்ணாடிப் பக்கம் வேண்டாம். 9 வோல்ட் பாட்டரி போட்ட ஆக்டிவ் வகைகளில், ஒயரைச் செருகினாலே மின்சுற்று ஓடத் தொடங்கிவிடும். ஒயரைச் செருகியபடியே தொங்கவிட்டால், வாங்க வருகிறவர் முன்னால் ஒலியே வராமல் நாம் விழிக்க நேரும்.

விற்பதற்கு முன் அரை மணி நேரம்

சுருதி கூட்டிய நிலையில், தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். அதிகமானால் டிரஸ் ராடை இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் தளர்த்த வேண்டும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. பலத்தைக் காட்டினால் கழுத்தே வீணாகும்.

அடுத்து பிரிட்ஜில் உள்ள சேடில்களை ஏற்றி இறக்கி, 12ஆவது ஃபிரெட்டில் தந்தியின் உயரத்தை 2 முதல் 2.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். கடைசியாக, 12ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியையும், அங்கேயே அழுத்தி எழுப்பும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னுக்கும், குறைவாக இருந்தால் முன்னுக்கும் நகர்த்துங்கள்.

மேம்பாட்டின் வரிசை

வாங்கிப் போனவர் சில மாதங்களில் "ஒலி பத்தவில்லை, பிக்கப் மாற்ற வேண்டும்" என்று வருவார். நமக்கு விற்பனைதானே என்று உடனே பிக்கப்பை எடுத்து நீட்டிவிடக் கூடாது. வரிசை இதுதான்:

1. மறுபடி ஒருமுறை மேலே சொன்ன சரிபார்ப்பு. தட்பவெப்பம் மாறினால் கழுத்தும் மாறும்.

2. புதிய தந்திகள். 34 அங்குலக் கருவிக்கு 45 முதல் 105 வரையிலான கனம் பொதுவாகப் பொருந்தும். தந்தியை முதலில் மடக்கிவிட்டுப் பிறகே வெட்ட வேண்டும்; இல்லையேல் மேல்சுற்று தளர்ந்து ஒலி மங்கும்.

3. ஆம்ப்ளிஃபயர். சாதாரண கிட்டார் ஆம்பில் பேஸைப் போட்டு ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கர் கெடலாம். பேஸுக்கென்று உள்ளதையே பரிந்துரையுங்கள்.

4. ஜாக், குமிழ் ஆகியவற்றின் பழுது. இரைச்சல் இருந்தால் உட்குழிவில் செம்புத்தாள் ஒட்டி அதை எர்த்துடன் இணைப்பது செலவு குறைந்த வைத்தியம். ஜாஸ் மாதிரியில் பல சமயம் இரண்டு பிக்கப்களின் ஒலியையும் சமமாக வைத்தாலே இரைச்சல் அடங்கிவிடும்.

5. இத்தனைக்கும் பிறகே பிக்கப். பழையதை அளந்து பார்த்து விற்க வேண்டும். ஜாஸ் மாதிரிகள் பலவற்றில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் மற்றதைவிடச் சற்றே நீளம். அளக்காமல் விற்றால் திரும்பி வரும்.

6. பிரிட்ஜும் டியூனிங் கீயும் பழுதானால் மட்டுமே.

கணக்குக்காக ஒன்று சொல்வோம். 15,000 ரூபாய்க் கருவிக்கு 7,000 ரூபாயில் பிக்கப், 4,000 ரூபாயில் பிரிட்ஜ், 4,000 ரூபாயில் கீ என்று போட்டால் முதல் இரட்டிப்பாகிறது. மறுவிற்பனையில் அந்த 15,000 திரும்ப வராது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். உதிரிப் பாகச் செலவு கருவி விலையில் பாதியைத் தாண்டுமானால், "அடுத்த தரத்துக் கருவியைப் பாருங்கள்" என்று சொல்வதே நேர்மை. கழற்றிய பழைய பாகங்களைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். விற்கும் நாளில் அவருக்கு உதவும்.

அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்தில் ஏராளமான பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ் ஒன்றை வைத்தே புகழ்பெற்றார். ஒற்றைப் பிக்கப், தந்தியைக்கூட அவர் எளிதில் மாற்றமாட்டார். நம் ஊரில் இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு பேஸின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாகங்களை மாற்றிக்கொண்டே போவதால் மட்டும் அந்த வாசிப்பு வந்துவிடாது.

எங்களிடம் திரும்பி வந்த அந்த இளைஞரிடம் பாதி விலைக்கு அதை எடுத்திருந்தால், அன்றைக்கு எங்களுக்கு லாபம். அவரோ அத்தோடு வாசிப்பையே விட்டிருப்பார். அன்று முதல் சரிபார்க்காத பேஸ் எதுவும் எங்கள் கடைப் படியைத் தாண்டுவதில்லை. உறுப்பினர்களும் இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகிறோம்.