மராமத்தும் தரகும்: மருமகனுக்கு ஒரு கடிதம்

சேலம் அழகாபுரத்திலிருந்து அத்தை, பெங்களூரில் இருக்கும் மருமகன் சிரஞ்சீவிக்கு ஆசி கூறி எழுதுவது.

தந்தையார் விட்டுச்சென்ற அழகாபுரத்து மாடி வீட்டையும், நாமக்கல் மோகனூர் சாலையில் ஒரே சுவரைப் பங்கிட்டு வரிசையாக நிற்கும் இரண்டு லைன் வீடுகளையும் ஒரு தரகரிடம் ஒப்படைத்துவிட்டு, மாதாமாதம் வாடகையை மட்டும் வங்கிக் கணக்கில் பெற்றுக்கொள்ளலாமா என்பது மருமகனின் கேள்வி. வாடகை வசூலிப்பதையும் ஆள் தேடுவதையும் பிறரிடம் விடுவதில் குற்றமில்லை. ஆனால் மராமத்து, அதாவது வீட்டைப் பழுதுபார்த்து நிலைநிறுத்தும் வேலை, ஆளை வைத்துச் செய்யத் தக்கதே தவிர, அதில் எதைச் செய்வது, எப்போது செய்வது என்ற முடிவைப் பிறர் கையில் விடத் தக்கதன்று.

இந்தப் பக்கத்தில் தரகர் என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சேலத்திலும் நாமக்கல்லிலும் புரோக்கர் எனப்படுபவர் குடியிருக்க ஆள் கொண்டுவருபவர். அதற்குக் கமிஷனாகப் பெரும்பாலும் ஒரு மாத வாடகையை ஒரு தரப்பிடமோ இரு தரப்பிடமோ பெற்றுக்கொள்வார். சாவி கைமாறியதும் அவர் வேலை முடிந்துவிடும். ஆள் நிலைத்திருப்பதால் அவருக்கு வருமானம் இல்லை, ஆள் மாறுவதால்தான் உண்டு. எனவே குழாய் ஒழுகி, சுவர் ஈரமேறி, குடியிருப்பவர் சலித்துக் காலி செய்தால், வீட்டுக்காரருக்கு நட்டமாகும் அதே நிகழ்ச்சி தரகருக்கு அடுத்த கமிஷனாகிறது. இது எந்தத் தனி மனிதரின் கெடுமதியும் அன்று, தொழிலின் அமைப்பு. இங்கிலாந்தில் வீட்டை முழுமையாகப் பராமரிக்கும் முகவர் மாத வாடகையில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் பெறுவதால், ஆள் நிலைத்திருப்பது அவருக்கும் ஆதாயமே. குடியிருப்பவரிடம் தரகுக் கட்டணம் வாங்குவதை அங்கே 2019 ஜூன் முதல் சட்டம் தடுத்தும் விட்டது. ஆயினும் மராமத்துச் செலவின்மேல் தமக்கென ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளும் முகவர்கள் அங்கும் உண்டு என்பதால், பழுது பெருகப் பெருகக் கூலி பெருகும் சிக்கல் அந்த ஏற்பாட்டிலும் தீரவில்லை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்களைப் பதிவுசெய்யச் சொன்னாலும், அது விற்பனைக்கு இடைநிற்பவரை மட்டுமே முகவர் என்று வரையறுப்பதால், வாடகைத் தரகர் அந்தப் பதிவேட்டுக்குள் வருவதில்லை.

மராமத்தில் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் இப்போது சட்டமே வகுத்துத் தருகிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டத்தின் இணைப்புப் பட்டியல், கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம், குழாய்ப் பாதைகளை மாற்றுதல், மின்கம்பி இணைப்புகள் ஆகியவற்றை உரிமையாளர் பக்கத்திலும், தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, கழிவறை, கீசர் போன்றவற்றின் சில்லறைப் பழுதுகளை வாடகைதாரர் பக்கத்திலும் வைக்கிறது. உரிமையாளர் தம் பங்கைச் செய்ய மறுத்தால், வாடகைதாரர் தாமே செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம். இந்த உரிமை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருப்பதால், ‘சொல்லிச் சொல்லிப் பார்த்து நாங்களே செய்துவிட்டோம்’ என்று குடியிருப்பவர் கழித்துக்கொண்ட தொகையைக் கண்டு கோபப்படுவது வீட்டுக்காரருக்கு அழகன்று. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வீட்டைப் பார்வையிட 24 மணி நேரத்துக்கு முன் தகவல் கொடுக்க வேண்டும் என்பனவும் இச்சட்டத்தின் விதிகளே.

இங்கே சட்டத்தின் பட்டியலும் இம்மண்ணின் தண்ணீரும் ஒத்துப்போகாத ஓர் இடம் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளி கடும்பாறைப் பூமியாதலால் ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் மிகுந்து, ஊரார் உப்புத் தண்ணீர் என்று சொல்லும் கடின நீராகவே அது வருகிறது. இந்நீர் குழாயின் வாயிலும் கழிவறைத் தொட்டியின் வால்விலும் வெள்ளையாகப் படிவதோடு, சூடேறும்போது படிவு விரைவதால் கீசரின் உள்ளிருக்கும் கம்பிச்சுருளைப் பூசி மூடி எரித்தும் விடுகிறது. குழாயும் கீசரும் வாடகைதாரர் பொறுப்பு என்று பட்டியல் சொன்னாலும், அவற்றைக் கெடுப்பது வீட்டுக்காரரின் போர் தண்ணீர். ஆகவே குளியலறைக்கும் கீசருக்கும் காவேரிக் குடிநீர் இணைப்பிலிருந்து தனிக் குழாய் இழுத்துத் தருவதும், அது முடியாத லைன் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை குழாய்களை வீட்டுக்காரர் செலவிலேயே மாற்றித் தருவதும் நியாயம். எழுத்தைப் பிடித்துக்கொண்டு முந்நூறு ரூபாய்க் குழாய்க்கு வழக்காடுபவர், இரண்டு மாதம் பூட்டிக்கிடக்கும் வீட்டின் வாடகையைக் கணக்கில் எழுத மறந்துவிடுகிறார்.

எல்லாவற்றினும் பெரியது மொட்டை மாடி. பழைய வீடுகளின் கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஓர் அடுக்கு போட்டு, அதன்மேல் தட்டோடு எனப்படும் தட்டையான சுட்ட மண் ஓடுகளைப் பதித்து, ஓடுகளின் இணைப்பைச் சாந்தால் அடைத்திருப்பார்கள். வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் அந்தச் சாந்து வெடிக்க, ஆடிக்குப் பின் பிடிக்கும் மழை அதன் வழியே இறங்குகிறது. உள்ளே கூரையில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே வெடிப்பு இருக்கும் என்று எண்ணக் கூடாது. நீர் ஜல்லி அடுக்குக்குள் பல அடி தூரம் நகர்ந்துதான் இறங்கும் என்பதால், ஈரத்துக்கு நேர் மேலே மருந்து பூசிவிட்டுப் போகும் வேலை மறு ஆண்டும் அதே வேலையைக் கொண்டுவரும். பெரும்பாலும் காரணம் வேறெங்கோ இருக்கும்: மழைநீர் வடியும் குழாயின் வாயை வேப்பிலைச் சருகு அடைத்திருக்கும், அல்லது கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை விரிந்திருக்கும். அதைக் கண்டறிய, ஒரு வாளி நீரை ஊற்றி அது எங்கே தேங்குகிறது என்று நின்று பார்க்கும் பொறுமை வேண்டும். கூலிக்கு வரும் அவசர ஆளிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பதற்கில்லை. மேலும் இவ்வேலை தளம் முற்றிலும் காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில் செய்ய வேண்டியது; ஒழுகியபின் தொலைபேசியில் தரகரை அழைத்துச் செய்யச் சொல்வது ஈரத்தை உள்ளே வைத்துப் பூசுவதற்கே ஒப்பாகும்.

மின் இணைப்பில் ஒன்று மட்டும். எர்த் எனப்படும் நிலத்தொடர்புக் கம்பி புதைந்த குழி, பங்குனி வெயிலில் வறண்டால் மின்கசிவை மண்ணுக்குள் இறக்காது. அதற்கு அவ்வப்போது நீர் ஊற்றச் சொல்வதும், கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றைப் பொருத்துவதும் உயிர் காக்கும் செலவு என்பதால், இதில் பேரம் பேசலாகாது.

பெங்களூரிலிருந்து ஒவ்வொரு வாஷருக்கும் ஓடிவர இயலாது என்பது உண்மையே. அதற்கு ஏற்ற வழியைச் சட்டமே சொத்து மேலாளர் என்ற பெயரில் காட்டுகிறது: உரிமையாளரால் எழுத்தில் அதிகாரம் அளிக்கப்பட்டு, எந்தெந்த வேலைக்கு என்பது குறிக்கப்பட்டு, வாடகைதாரருக்கும் அறிமுகப்படுத்தப்பட்ட ஆளே அவர். அவர் தரகராக இருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற அண்டை வீட்டார் ஒருவரோ, வீடு கட்டிய நாளிலிருந்து அதன் குழாய்கள் ஓடும் வழியை அறிந்த மேஸ்திரியோ இருந்தால் நன்று. அவருக்கு மாதச் சம்பளமாக ஒரு நிலையான தொகை தருவதே முறை, செலவில் பங்கு தரலாகாது. குறிப்பிட்ட சிறு தொகை வரையில் கேளாமலே செய்யலாம், அதற்கு மேல் புகைப்படமும் இரண்டு மதிப்பீடுகளும் அனுப்பிய பிறகே செய்யலாம் என்று எழுதிவைத்துவிட்டால் மனத்தாங்கலுக்கு இடமிராது. குடியிருப்பவரிடமும் நேரடியாகத் தொலைபேசித் தொடர்பு இருக்கட்டும். வீட்டில் நாள்தோறும் கண் வைத்திருப்பவர் அவரே.

காலி செய்யும்போது முன்பணத்தில் வெள்ளையடிக்கும் கூலியைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இவ்வூர்களில் ஊறிப்போயிருந்தாலும், மேற்சொன்ன பட்டியலின்படி வெள்ளையடிப்பது உரிமையாளர் செலவாதலால், ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாமல் அதைப் பிடிப்பது சரியன்று. சுவரில் அடித்த ஆணித் துளைகளும் உடைந்த கண்ணாடியும் வேறு கணக்கு; அவற்றைக் குடியேறும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் எடுத்த புகைப்படங்கள் பேசிக்கொள்ளும்.

சித்திரை விடுமுறைக்கு மருமகன் வரும்போது மாடி வீட்டுத் தளம் கழுவி வைக்கப்பட்டிருக்கும். மேஸ்திரியையும் அன்று காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியாயிற்று. மழைநீர்க் குழாய் வாய்களுக்கு வேண்டிய கம்பிச் சல்லடைகள் மூன்றும் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளிலேயே கிடைக்கும். அவற்றைப் பொருத்த மேஸ்திரியும் தேவையில்லை.