கிளட்ச் கேபிள் அறுவதற்கு முன்னால்



ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இருந்து ஆயர் குரோ, பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலருக்கு மோட்டார்தான் கால். காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் கிளட்ச் கேபிள் அறுந்தால் அன்றைய சம்பளம் போச்சு. பின்னால் செம்பனை லோரி வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் கேபிள் சொல்லாமல் கொள்ளாமல் அறுவது குறைவு. முன்கூட்டியே அது காட்டும் அறிகுறியைக் கவனித்து, வீட்டிலேயே சரிசெய்வதுதான் இந்த மாதப் பாடம்.

எப்படி வேலை செய்கிறது?

"என் மோட்டார்ல கிளட்ச் லீவரே இல்லையே" என்று இஎக்ஸ்5 போன்ற கப்சாய் ஓட்டுபவர்கள் கேட்கலாம். அதில் எஞ்சின் வேகத்துக்கு ஏற்பத் தானாக இயங்கும் கிளட்ச் உள்ளே இருக்கிறது. 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வழியில் வந்த முறை அது. ஆர்எக்ஸ்இசட், ஒய்15இசட்ஆர், ஆர்எஸ்150ஆர் போன்றவற்றில் இடது கையில் லீவர் உண்டு.

லீவரை இழுத்தால் கேபிள் எஞ்சின் பக்கமுள்ள சிறு கையை இழுக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் கிளட்ச் தட்டுகள் விலகும். எஞ்சின் சக்தி சக்கரத்துக்குப் போவது நிற்கும். லீவரை விட்டால் ஸ்பிரிங் தட்டுகளை மறுபடி அழுத்திவிடும். அசையாத உறைக்குள் கம்பி ஓடும் இந்த வகைக் கேபிளுக்கு ஏர்னஸ்ட் பவுடன் 1896-ல் காப்புரிமை பெற்றார். சைக்கிள் பிரேக்கில் இருப்பதும் இதே வகைதான்.

அறிகுறிகள்

• லீவர் முன்பைவிடக் கனமாக இருக்கும். விட்டால் மெதுவாகத் திரும்பும்.
• லீவர் அருகே கம்பியில் ஓரிரு இழைகள் பிய்ந்து முடிபோல நிற்கும். இதைப் பார்த்த அன்றே கேபிளை மாற்றுங்கள். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" வேண்டாம்.
• உறை வெடித்திருக்கும். மழைத்தண்ணீரும் செம்மண்ணும் உள்ளே போய்த் துரு பிடிக்கும்.

மாற்றும் முறை

தேவையானவை: உங்கள் மோட்டாருக்கு உரிய கேபிள், ஸ்பானர், பிளையர், கொஞ்சம் கிரீஸ், துணி, நீளமான நூல். எஞ்சின் ஆறிய பிறகே கை வையுங்கள்.

1. கேபிள் போகும் வழியைக் கைப்பேசியில் படம் எடுங்கள்.
2. லீவர் பக்கமும் எஞ்சின் பக்கமும் உள்ள அட்ஜஸ்டர்களைத் தளர்த்துங்கள்.
3. லீவர், அட்ஜஸ்டர், லாக் நட் மூன்றிலும் உள்ள வெட்டுகளை ஒரே நேராக வையுங்கள். கம்பி அதன் வழியே வெளியே வரும்.
4. பழைய கேபிளின் ஒரு முனையில் நூலைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து இழுங்கள். கேபிள் வெளியே வந்ததும் நூல் அதன் வழியில் கிடக்கும். புதிய கேபிளை அந்த நூலில் கட்டி இழுத்தால் வழி தவறாது.
5. புதிய கேபிளை எங்கும் மடிய விடாதீர்கள். சூடான எக்ஸாஸ்டைத் தொடவும் கூடாது.
6. கம்பியின் இரு முனைக் குண்டுகளுக்கும் லீவர் போல்ட்டுக்கும் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். மாட்டிய பிறகு அட்ஜஸ்டரின் வெட்டைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டால் மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்காது.

தளர்வுதான் முக்கியம்

கேபிளை மாட்டுவது சுலபம். தப்பு நடப்பது பெரும்பாலும் அட்ஜஸ்ட் செய்வதில்தான். லீவர் நுனியைத் தொட்டு இழுக்கும்போது கனம் தெரிவதற்கு முன் கொஞ்சம் சும்மா அசைய வேண்டும். பல மோட்டார்களுக்கு இது 10 முதல் 15 மில்லிமீட்டர். சரியான அளவு உங்கள் மோட்டார் கையேட்டில் இருக்கும். பெரிய மாற்றத்தை எஞ்சின் பக்க அட்ஜஸ்டரிலும், சிறு மாற்றத்தை லீவர் பக்கத்திலும் செய்து, லாக் நட்டை இறுக்குங்கள்.

"டைட்டா இருந்தா நல்லா பிடிக்கும்" என்று சிலர் தளர்வே இல்லாமல் இறுக்கிவிடுவார்கள். அப்போது தட்டுகள் முழுதாக ஒட்டாது. வழுக்கி, சூடாகி, தேயும். எஞ்சின் கத்தும், வேகம் ஏறாது. கேபிளுக்குக் கொடுத்த காசைவிடப் பல மடங்கு செலவு வரும். தளர்வு அதிகமானாலோ தட்டுகள் சரியாக விலகாது. கியர் முரண்டு பிடிக்கும், லீவரை இழுத்தாலும் மோட்டார் முன்னே நகரப் பார்க்கும்.

சோதனை: ஹேண்டலை இடம் வலமாக முழுதும் திருப்புங்கள். தளர்வு மாறக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, லீவரை இழுத்துத் தள்ளிப் பாருங்கள்; மோட்டார் உருள வேண்டும். பிறகு தோட்டத்து உள்பாதையில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்பே பெரிய சாலைக்குப் போங்கள். புதிய கேபிள் சற்று நீளும். ஒரு வாரம் கழித்துத் தளர்வை மறுபடி பாருங்கள்.

லீவர் வளைந்தால்

விழுந்து வளைந்த அலுமினிய லீவரைத் தட்டி நிமிர்த்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, தேவையான நேரத்தில் முறியும். புதிதாக மாற்றுங்கள். போல்ட்டை இறுக்கிய பின்னும் லீவர் தடையின்றி அசைய வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

தளர்வு சரியாக இருந்தும் கிளட்ச் வழுக்கினால் கோளாறு எஞ்சினுக்குள் இருக்கலாம். அப்போது பட்டறை அண்ணனிடம் கொண்டு போங்கள். நடுவழியில் கேபிள் அறுந்தால், கிளட்ச் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வீடு சேரப் பார்க்காதீர்கள். ஓரமாக நிறுத்தி, தள்ளி வந்து, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

ஆயுத பூஜைக்கு மோட்டாரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுகிறோம். கருவிக்குக் காட்டும் அந்த மரியாதை மாதம் ஒருமுறை கேபிளைப் பார்ப்பதிலும் இருக்கட்டும்.

கிளைப் பயிற்சி

1. அடுத்த கூட்டத்துக்கு வரும் லீவர் உள்ள மோட்டார்களில் லீவர் தளர்வை அளந்து எழுதுங்கள்.
2. தளர்வே இல்லாவிட்டால் என்ன கெடும்? அதிகமானால் என்ன ஆகும்?
3. இழை பிய்ந்த கேபிளோடு ஓட்டும் நண்பரிடம் எப்படிப் பேசுவீர்கள்? மாற்றக் கையில் காசில்லை என்றால் கிளை எப்படி உதவலாம்?