வனவிலங்குக் கணக்கெடுப்பில் தானியங்கிக் காமிரா

வீட்டுக் கால்நடைகளை எண்ணுவது எளிது. மாலையில் அவை தொழுவத்துக்குத் திரும்பிவிடுகின்றன. காட்டு விலங்குகளோ மனித வாடை பட்டவுடன் மறைந்துவிடுகின்றன. கண்ணில் படாதவற்றைக் கணக்கிடுவது எவ்வாறு என்பதே வனவிலங்குப் பாதுகாப்பின் முதல் வினா.

மூணாற்றைச் சுற்றியுள்ள மலைகளில் இவ்வினா தனி முக்கியத்துவம் பெறுகிறது. இடுக்கி மாவட்டத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவும் சின்னாறு சரணாலயமும் உள்ளன. வடக்கே தமிழகத்தின் ஆனைமலைக் காடுகளும், அவற்றை அடுத்துப் பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளமும் தொடர்கின்றன. இவற்றினூடே தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர் குடியிருப்பான லயங்களும் அமைந்துள்ளன. புலியும் சிறுத்தையும் மாநில எல்லையையோ தோட்ட எல்லையையோ அறியா. எனவே அவற்றின் எண்ணிக்கையும் நடமாட்டமும் ஆய்வாளருக்கு மட்டுமன்றி, அங்கு வாழும் தொழிலாளருக்கும் வேண்டிய செய்திகளாகும்.

காலடித் தடமும் நிழற்படமும்

நம் நாட்டில் நெடுங்காலம் புலிகளைக் காலடித் தடங்களைக் கொண்டே எண்ணி வந்தனர். ஈர மண்ணிலும் உலர்ந்த மண்ணிலும் ஒரே புலியின் தடம் வேறுபட்டுத் தோன்றும். தடத்தைப் படியெடுப்பவரின் கைத்திறனுக்கேற்பவும் முடிவு மாறும். இராஜஸ்தானத்தின் சரிஸ்காவில் புலிகள் இருப்பதாகப் பதிவேடுகள் கூறிவந்த நிலையில், அங்கு ஒன்றுகூட எஞ்சவில்லை என்பது 2005ஆம் ஆண்டு வெளிப்பட்டது. பிழையான கணக்கு அழிவையும் மறைத்துவிடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

வேறொரு வழியும் இந்தியாவில் முன்பே தோன்றியிருந்தது. வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களில் விலங்குப் பாதையில் கம்பியைக் கட்டி, அது இடறியவுடன் ஒளி பாய்ந்து படம் பதியுமாறு செய்தார். ஒவ்வொரு புலியின் வரிகளும் வேறுபட்டவை என்பதை அப்படங்கள் காட்டின. இவ்வுண்மையைப் புள்ளியியலோடு இணைத்து, கர்நாடகத்தின் நாகரஹொளேயில் புலிகளைக் கணக்கிட்ட உல்லாஸ் காரந்தின் ஆய்வு 1995இல் வெளியாயிற்று. பின்னர் இம்முறை நாடு முழுவதற்கும் பரவியது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. புலிகளின் எண்ணிக்கை 2,967 என மதிப்பிடப்பட்டது.

கருவி இயங்கும் விதம்

இக்கருவியிலுள்ள உணர்வி, சுற்றுப்புறத்தினின்று வேறுபட்ட வெப்பமுடைய உடல் எதிரே அசைவதை அறிகிறது. உடனே படமும் தேதியும் நேரமும் பதிவாகின்றன. புலியின் வலப்புற வரிகளும் இடப்புற வரிகளும் ஒன்றல்ல. ஆகையால் பாதையின் இருபுறமும் மனிதனின் முழங்கால் உயர அளவில் ஒன்றுக்கொன்று எதிராக இரு காமிராக்களைப் பொருத்துகின்றனர். 2 சதுர கிலோமீட்டருக்கு ஓர் இணை என்பது தேசியக் கணக்கெடுப்பில் பின்பற்றப்படும் முறை. மூணாறு போன்ற மலைகளில் மூடுபனி கண்ணாடியை மறைப்பதும், வெயிலில் ஆடும் புல் வீண் படங்களைத் தருவதும், யானை கருவியைப் பிடுங்கி எறிவதும் எதிர்பார்க்க வேண்டிய இடையூறுகள்.

படத்திலிருந்து எண்ணிக்கை

காமிரா எண்ணுவதில்லை, சாட்சி மட்டுமே கூறுகிறது. எண்ணிக்கை கணக்கினால் வருவது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். முதற் சுற்றில் 10 வெவ்வேறு புலிகள் படத்தில் பதிகின்றன. இரண்டாம் சுற்றில் 8 பதிகின்றன. அவற்றுள் 4 முன்னரே பதிந்தவை. இரண்டாம் சுற்றில் பாதி பழையவை என்றால், முதலில் பதிந்த 10 மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி எனக் கொள்ளலாம். ஆகவே அக்காட்டில் சுமார் 20 புலிகள் இருக்கக்கூடும். படத்தில் கண்ட புலிகள் 14. காணாத 6 புலிகளையும் கணக்கு நமக்கு அறிவிக்கிறது. பிறப்பும் இறப்பும் இடப்பெயர்ச்சியும் கணக்கைக் குலைக்குமாதலால், இப்பணியைக் குறுகிய காலத்துக்குள் முடித்தல் அவசியம். அண்டைக் காடுகளின் படங்களையும் ஒப்பிடாவிடில், ஒரே புலி இரு மாநிலங்களின் கணக்கிலும் இடம்பெற்றுவிடும்.

வரியில்லாத வரையாடு

எல்லா விலங்குகளுக்கும் இம்முறை பொருந்தாது. இரவிகுளத்தின் புகழுக்குக் காரணமான வரையாட்டின் உடலில் வரியோ புள்ளியோ இல்லை; ஓர் ஆட்டைப் படத்தில் மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது அரிது. ஆனால் அது திறந்த புல்வெளியில் பகலில் மேய்வதால், நேரே கண்டு எண்ண முடிகிறது. 2025 ஏப்ரலில் கேரளமும் தமிழகமும் ஒரே நாட்களில் நடத்திய கணக்கெடுப்பில் 2,668 வரையாடுகள் மதிப்பிடப்பட்டன. அவற்றுள் 841 இரவிகுளத்தில் இருந்தன. விலங்கின் இயல்புக்கேற்ற முறையைத் தேர்வதே ஆய்வின் முதற்படி.

லயத்தின் அருகே

2022 அக்டோபரில் மூணாற்றின் நயமக்காடு எஸ்டேட்டில் தொழுவங்களில் புகுந்த புலி ஒன்று பல மாடுகளைக் கொன்றது. வனத்துறையினர் வைத்த கூண்டில் சிக்கிய புலியின் ஒரு கண்ணில் புரை இருந்தது. அது பெரியாறு காட்டில் விடப்பட்டுச் சில நாட்களில் இறந்தது. கூலிக்கு அப்பால் பாலை விற்று வாழும் குடும்பத்துக்குப் பசுவின் இழப்பு சிறிதன்று. இத்தகைய வேளையில், மாட்டைக் கொன்றது எந்தப் புலி, கூண்டில் சிக்கியது அதுதானா, நலமுள்ள வேறு புலியா என்னும் கேள்விகள் எழுகின்றன. முன்பே தொகுத்து வைத்த வரிப்படங்கள் இருந்தால் ஊகத்துக்கு இடமின்றி விடை கிடைக்கும். குற்றமற்ற விலங்கு தண்டிக்கப்படாது. அஞ்சிய மக்களுக்கும் உறுதியான செய்தியைச் சொல்லலாம்.

மக்களின் பங்கு

காமிரா விலங்கை மட்டும் காண்பதில்லை. உத்தரகண்டின் கார்பெட் பகுதியைப் பற்றி 2024இல் வெளியான ஓர் ஆய்வு, விறகுக்குச் செல்லும் பெண்கள் காமிராக்களுக்கு அஞ்சித் தம் இயல்பான நடத்தையை மாற்றிக்கொண்டதை எடுத்துக்காட்டியது. ஆகவே கருவி வைக்குமிடத்தை மக்களுக்கு முன்கூட்டியே அறிவித்தலும், மனிதர் பதிந்த படங்களை அழித்தலும் கடமையாகும். மூணாற்று மலைகளின் விலங்குப் பாதைகளை முதுவர் சமூகத்தினர் தலைமுறைகளாக அறிந்தவர்கள். காமிராவை எந்த வளைவில் வைத்தால் புலி பதியும் என்பதை வரைபடத்தைவிட அவர்களே நன்கு கூறுவர்.

கிடைக்கும் படங்கள் அலுவலகக் கோப்பில் உறங்கிவிட்டால் உழைப்பு வீணே. எந்தப் பாதையில், எந்த நேரத்தில் விலங்கு நடமாடுகிறது என்னும் செய்தி அன்றைய தினமே லயத்துக்கு எட்ட வேண்டும். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் புறப்படும் தொழிலாளிக்கு அது பயன்படும்போதுதான், காட்டில் கட்டிய காமிரா விலங்குக்கும் மனிதனுக்கும் ஒருங்கே காவலாகும்.