நம்பிக்கைகளும் உண்மைகளும்: ‘டிராப்’ எடுத்தால் டாக்டர்

நீட் முடிவு வந்த கையோடு ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. “டாக்டர் சீட் வாங்குறதுல நூத்துக்கு எழுபது பேரு ரிப்பீட்டர்தானாம். ஒரு வருஷம் டிராப் எடுத்தா சீட் நிச்சயம்.” மாமா சொல்கிறார், பள்ளி ஆசிரியர் சொல்கிறார், கோச்சிங் சென்டரின் பிளக்ஸ் போர்டு இன்னும் பெரிய எழுத்தில் சொல்கிறது. அதைக் கேட்டுத்தான் பதினேழு வயதுப் பிள்ளைகள் கையிலிருக்கும் பொறியியல் இடத்தையோ வேளாண்மை இடத்தையோ விட்டுவிட்டு ஓராண்டு காத்திருக்கப் போகிறார்கள். அந்தப் பேச்சின் முதல் வாக்கியம் ஏறக்குறைய உண்மை. இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்திலிருந்து பிறக்கவே முடியாது. புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் இந்த ஒரு பிழையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தவறான கணக்குக்கு விலையாகக் கொடுக்கப்படுவது ஒரு பிள்ளையின் ஓராண்டு.

எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். நீட் தேர்வின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு 2021-ல் நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் குழு அமைத்தது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் அந்த ஆண்டே பிளஸ் டூ முடித்தவர்களின் பங்கு 2016-17-ல் 87.53 விழுக்காடு என்றும், 2020-21-ல் அது 28.58 விழுக்காடாகச் சரிந்தது என்றும் அந்தக் குழுவின் அறிக்கை காட்டியது. மீதி 71.42 விழுக்காடு, திரும்ப எழுதியவர்கள். குழு இந்த எண்ணை வைத்தது ஒரு குற்றச்சாட்டாக. கூடுதலாக ஓராண்டு உட்காரவும் பயிற்சிக்குப் பணம் கட்டவும் முடிந்த குடும்பங்களுக்கே தேர்வு சாதகமாகிவிட்டது என்பது அதன் வாதம். நீட்டுக்கு எதிராக எழுதப்பட்ட அந்த எண்ணையே நீட் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் விளம்பரமாக மாற்றிவிட்டார்கள். வெட்கப்பட வேண்டிய வேலை இது.

இப்போது கணக்கு. சீட் வாங்கியவர்களில் எத்தனை பேர் திரும்ப எழுதியவர்கள் என்பது ஒரு கேள்வி. திரும்ப எழுதியவர்களில் எத்தனை பேர் சீட் வாங்கினார்கள் என்பது வேறொரு கேள்வி. 71 விழுக்காடு முதல் கேள்விக்கான விடை. டிராப் எடுக்கலாமா என்று யோசிக்கும் பிள்ளைக்குத் தேவை இரண்டாவது. 100 இடங்கள் இருக்கின்றன, அவற்றில் 71 பழையவர்களுக்குப் போயின என்று வைத்துக்கொள்வோம். திரும்ப எழுதியவர்கள் மொத்தமே 100 பேர் என்றால் அவர்களின் வெற்றி வாய்ப்பு 71 விழுக்காடு. 1,000 பேர் என்றால் 7.1 விழுக்காடு. 5,000 பேர் என்றால் ஒன்றரை விழுக்காடுகூட இல்லை. மூன்று நிலையிலும் பிளக்ஸ் போர்டில் வரும் எண் மாறாது. பின்னத்தின் மேலே இருக்கும் தொகுதியை மட்டும் காட்டிக் கீழே இருக்கும் பகுதியை மறைக்கும் வேலை இது. பின்னம் ஆரம்பப் பள்ளியிலேயே சொல்லித் தரப்படுகிறது. பட்டம் பெற்ற பெற்றோரும் இதில் ஏமாறுவதை எப்படி எடுத்துக்கொள்வது?

பகுதி எவ்வளவு பெரிது என்பதற்கு ஓர் அளவு வேண்டுமானால் 2025-ஐப் பாருங்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 22 லட்சம் பேர் எழுதினார்கள், 12 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தகுதி பெற்றார்கள். எம்.பி.பி.எஸ். இடங்களோ தனியார் கல்லூரிகளையும் சேர்த்து ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். தமிழ்நாட்டில் மட்டும் 76,000 பேருக்கு மேல் தகுதி பெற்றார்கள். இங்குள்ள 36 அரசு மருத்துவக் கல்லூரிகளின் இடங்கள் ஏறக்குறைய 5,000, அதிலும் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடுகிறது. “நீட் பாஸ்” என்ற சொல்லுக்குச் சீட்டோடு எவ்வளவு தூரத்து உறவு என்பது இதிலேயே தெரியும். பொதுப் பிரிவுக்கு 50-வது பெர்சன்டைல், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கு 40-வது பெர்சன்டைல் என்று தகுதிக்கோடு வரையப்படுகிறது. எழுதியவர்களில் பாதிப் பேராவது எப்படியும் தாண்டும்படி போட்ட கோடு அது.

“நம்ம பக்கத்து வீட்டுப் பையன் டிராப் எடுத்து நூறு மார்க் கூட வாங்கினானே” என்பது அடுத்த பதில். வாங்கியிருப்பார். திரும்ப எழுதத் துணிபவர்கள் எல்லாரிலிருந்தும் குலுக்கி எடுத்தவர்கள் அல்லர். சொற்ப இடைவெளியில் சீட்டை இழந்தவரும், வீட்டில் வசதி உள்ளவரும், முதல் முறை காய்ச்சலோடு எழுதியவரும் அவர்களில் கூடுதலாக இருப்பார்கள். தன் தரத்துக்குக் கீழே ஒரு நாள் சறுக்கியவர் அடுத்த முறை தன் தரத்துக்குத் திரும்புவது இயல்பு. பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன் 1886-லேயே எழுதிவைத்த விதி இது. சராசரியை நோக்கித் திரும்புதல் என்று நாங்கள் வகுப்பில் சொல்லித் தருகிறோம். கோச்சிங் சென்டர் எதுவும் செய்யாமலிருந்தாலும் அந்தப் பையனின் மதிப்பெண்ணில் ஒரு பகுதி தானாகவே ஏறியிருக்கும். முதல் முறை அதிர்ஷ்டவசமாகத் தன் தரத்தைவிட மேலே போனவருக்கு இதே விதி எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மதிப்பெண் குறைந்து திரும்பிய அந்தப் பிள்ளைகளின் படம் எந்த போர்டிலும் வருவதில்லை. அவர்களைப் பற்றி உறவினர்களும் பேசுவதில்லை. ஆகவே நம் காதுக்கு எட்டுவது வென்றவர்களின் கதை மட்டும்தான்.

போதாக்குறைக்கு, கூடிய மதிப்பெண் என்பதே ஒரு மாயம். பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்குத் தகுதி மதிப்பெண் 2023-ல் 107. 2024-ல் 127. 2025-ல் 113. முதல் ஆண்டு 110 வாங்கிய பிள்ளை தகுதி பெற்றவர். அவரே ஓராண்டு உழைத்து 2024-ல் 125 வாங்கியிருந்தால் தகுதி இழந்தவர். உச்சியிலும் இதே கதைதான். 2024-ன் இறுதிப் பட்டியலில் 17 பேர் 720-க்கு 720. இயற்பியல் வினாக்கள் கடுமையாக இருந்த 2025-ல் முதலிடமே 686. 2024-ல் 600 வாங்கியவரைவிட 2025-ல் 550 வாங்கியவர் தரவரிசையில் வெகுவாக முன்னால் நின்றார். சீட்டைத் தீர்மானிப்பது தரவரிசை. தரவரிசையில் உங்களோடு சேர்ந்து மற்றவர்களும் நகர்கிறார்கள். “நூறு மார்க் ஏற்றித் தருகிறோம்” என்று ஒரு நிறுவனம் சொன்னால், எந்த ஆண்டின் வினாத்தாளில் என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்படியானால் யாருமே டிராப் எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நான் அதைச் சொல்லவில்லை. முதல் முயற்சியிலேயே எழுதுபவருக்குப் பாதை குறுகிவிட்டது என்பதற்கு அந்த 71 விழுக்காடே சாட்சி. ஆனால் ஊர்க் கணக்கை வைத்து முடிவெடுக்கக் கூடாது, தன் கணக்கை வைத்து எடுக்க வேண்டும். மருத்துவத் தேர்வுக் குழு வெளியிடும் ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்து, உங்கள் வகுப்புப் பிரிவில் கடைசியாக அரசு இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணைக் கண்டுபிடியுங்கள். அவருக்கும் உங்களுக்கும் நடுவே சில நூறு பேர் நிற்கிறார்களா, பல ஆயிரம் பேரா? பிறகு மதிப்பெண்ணைப் பாடவாரியாகப் பிரியுங்கள். 90 உயிரியல் வினாக்களுக்குரிய 360-ல் 300-ஐத் தாண்டி, இயற்பியலின் 180-ல் 60-க்குள் நின்றுவிட்டவருக்கு நோய் எது என்று தெரிகிறது, ஓராண்டு மருந்தும் இருக்கிறது. நடுவே சில நூறு பேர்தான் என்றால் அவர் ஓராண்டு கொடுக்கலாம், தவறே இல்லை. மூன்று பாடமும் சமமாகத் தளர்ந்து, பல ஆயிரம் பேருக்குப் பின்னால் நிற்பவர் அந்த ஆண்டைக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது முறையும் கிடைக்காமல் மூன்றாவது முறைக்கு உட்காருவதைப் பற்றிக் கேட்டால், மிகச் சிலரைத் தவிர வேண்டாம் என்பதே என் பதில்.

“கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கவனம் சிதறும், இரண்டும் கெடும்” என்பது இன்னொரு மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. பொறியியல் முதல் பருவத்தோடு நீட்டுக்கும் படிப்பது கடினம்தான். ஆனால் சேருவதா, எழுதுவதா என்று இரண்டில் ஒன்றாகப் பார்ப்பதுதான் தவறு. நீட்டை இத்தனை முறைதான் எழுதலாம் என்று வரம்பு கிடையாது. உச்ச வயது வரம்பையும் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் நீக்கிவிட்டது. விலங்கியலோ வேதியியலோ இளங்கலை படிக்கும் மாணவர், பாடங்கள் பெருமளவு ஒன்றியிருக்க, மீண்டும் எழுதலாம். கிடைக்காவிட்டால் கையில் ஒரு பட்டத்தின் முதல் ஆண்டு இருக்கும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கோச்சிங் சென்டரில் சேர்ந்தால் அது வராது, மாறாகப் பணம் போகும். எச்சரிக்கை ஒன்று உண்டு. பல் மருத்துவத்தில் சேர்ந்துவிட்டு நடுவில் விலகினால் இழப்பீடு கட்ட நேரிடும். ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் விதி இன்னும் கடுமை, அடுத்தடுத்த இரண்டே ஆண்டுகளில் இரண்டே முயற்சி. ஒரு ஐ.ஐ.டி.யில் ஏற்கெனவே இடம் ஏற்றவர் மறுபடி எழுத முடியாது. கையேட்டைப் படிக்காமல் எதிலும் சேராதீர்கள்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஓராண்டு விட்டால் பொறியியல் கலந்தாய்வில் பெயர் வராது என்பது பொய். முந்தைய ஆண்டுகளில் தேறியவர்களும் அதே 200-க்கான கட்-ஆஃப் கணக்கில்தான் வரிசைப்படுத்தப்படுகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு முதல் முறை எழுதுபவர்களுக்கு மட்டும் என்பதும் பொய். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை எங்கே படித்தீர்கள் என்பதுதான் அதற்கு அடிப்படை. நீட் இல்லையென்றால் உயிரியல் படித்தவருக்கு வழியே இல்லை என்பது பொய்களில் மோசமானது. கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள், வேளாண்மை, மருந்தியல், பி.எஸ்சி. நர்சிங் எல்லாம் இங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணில் நிரப்பப்படுகின்றன. இடைவெளி விழுந்தால் வேலையே கிடைக்காது என்பது பாதி உண்மை. சில நிறுவனங்கள் வளாகத் தேர்வில் ஓராண்டு, ஈராண்டு என்று வரம்பு வைக்கின்றன, ஓராண்டு இடைவெளி பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

சேர்ந்துவிட்டு விலகினால் சான்றிதழைத் தர மாட்டார்கள் என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது, விலகும் தேதியைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. சரிபார்த்த கையோடு திருப்பிக் கேளுங்கள். எதிர்ப்பக்க நம்பிக்கை ஒன்றும் உண்டு: “வருஷம் வீணாகக் கூடாது, எதிலாவது சேர்ந்துடு.” பிடிக்காத பிரிவில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணத்தைக் கொட்டி நான்கு ஆண்டு அரியர் எழுதுவதைவிட ஓராண்டு காத்திருப்பது மலிவு. இதைச் சொல்லும் பெற்றோரும் கணக்குப் போடாமல்தான் சொல்கிறார்கள்.

கணக்குப் போட அவர்களுக்கு எண் கொடுக்கப்படவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் இந்தக் கோரிக்கையைத் திரும்பத் திரும்ப வைக்கிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி நிறுவன விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வென்ற மாணவர் எந்தப் படிப்பில், எவ்வளவு காலம் அங்கே இருந்தார் என்பதை விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்கிறது அது. நல்லது. அதோடு அந்த ஆண்டு கட்டணம் வாங்கிச் சேர்த்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடச் செய்ய வேண்டும். போட மறுக்கும் நிறுவனத்தில் பெற்றோர் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. மாநில அரசும் வென்றவர்களின் பங்கை மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று பிரித்து, விண்ணப்பித்தவர் எத்தனை பேர், இடம் பெற்றவர் எத்தனை பேர் என்று வகுப்புப் பிரிவுவாரியாக அட்டவணை வெளியிட வேண்டும். பிளஸ் டூ தேறிய ஆண்டு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இருக்கிறது. தரவரிசைப் பட்டியல் வரும் நாளிலேயே இந்த அட்டவணையும் வரலாம்.