உரிமமின்றி அளவைத் தொழில்: சட்டமும் தண்டனையும்

நிலம் யாருக்குரியது என்பதைப் பத்திரம் கூறும். அந்நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அளவையே கூறும். மும்பையின் செம்பூர் போன்று நிலம் அரிதாகிவிட்ட பகுதிகளில் ஓரடி பிசகும் நெடிய வழக்காகிவிடுகிறது. எனவே, அளப்பவருக்கு அந்த அதிகாரத்தை அளித்தவர் யார் என்பது குடிமக்களுக்கும் அலுவலர்களுக்கும் முக்கியமான கேள்வியாகும்.

இருவகை சர்வேயர்கள்

மும்பையில் ‘சர்வேயர்’ என்ற சொல் இருவேறு பணியாளர்களைக் குறிக்கிறது. முதலாமவர் அரசின் நில அளவையர். மகாராஷ்டிர நில வருவாய்ச் சட்டத் தொகுப்பின் (1966) கீழ் எல்லைகளை அளந்து பதிவேட்டில் ஏற்றும் பணி நிலப்பதிவேட்டுத் துறையைச் சேர்ந்தது. செம்பூர், மும்பை புறநகர் மாவட்டத்தின் குர்லா தாலுகாவில் அடங்கும். அங்குள்ள மனைகளின் சி.டி.எஸ். எண்ணும் பரப்பளவும் ‘பிராப்பர்ட்டி கார்டில்’ காணப்படும். தனியார் ஒருவர் வரைந்த படம் இப்பதிவை மாற்றிவிடாது.

இரண்டாமவர் மாநகராட்சியின் உரிமம் பெற்ற சர்வேயர். இவர் கட்டட வரைபடம் தயாரித்து, அனுமதி கோரி, வேலையைக் கண்காணிப்பவர். மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் (1888) 355ஆம் பிரிவின்படி ஆணையர் இவ்வுரிமத்தை வழங்குகிறார். நிபந்தனை மீறப்பட்டால், 479ஆம் பிரிவின்படி அதனை நிறுத்தி வைக்கவோ ரத்துச் செய்யவோ அவருக்கு அதிகாரம் உண்டு.

பட்டமும் பணியும்

தொழில் உரிமச் சட்டங்கள் இருவகைப்படும். சில, பட்டத்தை மட்டும் காக்கின்றன. வேறு சில, பணியையே காக்கின்றன. கட்டடக் கலைஞர் சட்டம் (1972) முதல் வகையைச் சேர்ந்தது. பதிவு பெறாதவர் அப்பட்டத்தைப் பயன்படுத்தினால், 37ஆம் பிரிவின்படி முதன்முறை 500 ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். எனினும், இப்பிரிவு பட்டத்தைத்தான் தடுக்கிறது, தொழிலையன்று என உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது.

இலங்கையின் நில அளவைச் சட்டம் (2002, எண் 17) இரண்டாம் வகை. நில அளவைப் பேரவையில் பதிவும் ஆண்டுதோறும் தொழில் உரிமமும் பெற்றவரே அங்கு அத்தொழிலைச் செய்யலாம். இந்தியாவில் நில அளவைத் தொழிலுக்கென இத்தகைய மத்தியச் சட்டம் இல்லை. ஆதலால், போலி அளவையருக்குரிய தண்டனையைப் பல சட்டங்களில் தேட வேண்டியுள்ளது.

குற்றவியல் சட்டம்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பின்வரும் பிரிவுகள் இங்கு பொருந்தும்:

அரசு அளவையராக நடித்து அப்பதவியின் பெயரால் செயல்படுதல் (204): ஆறு மாதத்திற்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறையும் அபராதமும்.

ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் (319): ஐந்தாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஏமாற்றும் நோக்கத்துடன் போலி ஆவணம் புனைதல் (336): ஏழாண்டு வரை சிறையும் அபராதமும்.

அரசு நாட்டிய எல்லைக்கல்லை அழித்தல் அல்லது நகர்த்துதல் (326): ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இழப்பு யாருக்கு?

போலியானவர் தண்டிக்கப்படுவதால் மட்டும் வீட்டு உரிமையாளரின் இழப்பு ஈடாகிவிடாது. செல்லாத வரைபடத்தை நம்பி அனுமதியின்றி எழுப்பிய கட்டடம், மகாராஷ்டிர வட்டார, நகரமைப்புச் சட்டத்தின் (1966) கீழ் இடிக்கப்படலாம். அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு மாதத்திற்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறையையும் அபராதத்தையும் விதிக்கிறது. தன் பொருட்டுக் கட்டினாலும் பிறர் பொருட்டுக் கட்டினாலும் பொறுப்பு ஒன்றே. வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பமே நீதிமன்றப் படியும் ஏற நேரிடுகிறது.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மூன்றைச் சரிபார்த்தல் நலம்: சர்வேயரின் உரிம எண்ணும் அது செல்லுபடியாகும் காலமும், பிராப்பர்ட்டி கார்டும் பத்திரமும் காட்டும் பரப்பளவு ஒத்திருப்பது, எல்லையில் ஐயமிருப்பின், நிலப்பதிவேட்டுத் துறைக்கு உரிய கட்டணம் செலுத்திப் பெற்ற அளவை. இவற்றை மக்கள் எளிதில் அறியச் செய்வது அலுவலர் கடமை. தண்டனை குற்றத்திற்குப் பின் வருவது. சரிபார்த்தலோ இழப்பையே தடுப்பது.